கெஞ்சினாலும் கேட்காதே

என் வீட்டுக்காரர் புத்தகம் படிக்க ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு தும்மல்கூடச் சும்மா போவதில்லை. தும்மினால் அதிலிருந்து ஒரு பாடம் எடுப்பார். பால் பொங்கி வழிந்தால், கவனம் சிதறினால் முதல் போய்விடும் என்பார். பஸ் தவறிப்போனால், அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பதும் ஒரு வேலைதான் என்பார். பாடம் எடுப்பது அவர், அடுப்பைத் துடைப்பது நான்.

எல்லாம் ஒரே ரகப் புத்தகங்கள். பங்குச் சந்தையில் மனசை எப்படி அடக்குவது, வெறுங்கையோடு இருப்பவன் எப்படி முதலாளி ஆவது, பயத்தை எப்படி வெல்வது, பேராசையை எப்படிக் கட்டிப் போடுவது. மனுஷர் பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகத்தைக்கூட இப்படிப் படித்திருக்க மாட்டார். பச்சைப் பேனாவால் அடிக்கோடு போடுவார். ஒரு பக்கத்தில் அவர் அடிக்கோடு போடாத வரியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பிடித்த வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார். மனசுக்குள் நான் அவருக்கு ஞானி என்று பெயர் வைத்தேன். கொஞ்ச நாளில் அது வாய்க்கும் வந்துவிட்டது. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு காலத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். நன்றாகவே விற்றார், வாய் அப்படி. நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு கருவி விற்க வந்துதான் என்னையும் பிடித்தார். பிறகு ஏதோ ஒரு புத்தகத்தில், மாதச் சம்பளம் என்பது பயந்தாங்கொள்ளிகளுக்குத் தரும் கூலி என்று படித்திருக்கிறார். மறுவாரமே வேலையை விட்டார். கம்பெனி கொடுத்து அனுப்பிய பணத்தில் இரண்டு கம்ப்யூட்டர் திரை வாங்கி, முன்னறையில் மேசை போட்டு, பங்கு வாங்கி விற்க உட்கார்ந்தார். மீதிப் பணம் அந்தத் திரைகளுக்குள் போனது, வெளியே வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் லாப நஷ்டக் கணக்கு போட்டிருப்பார்.

நான் பல் செய்கிறவள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை எனக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுத்து, மெழுகில் வடிவம் பிடித்து, பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காகத் தடவி, உலையில் சுட்டு எடுப்பேன். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும், கடிக்கும்போது தட்டக்கூடாது, நாக்குக்கு உறுத்தக்கூடாது. வீட்டின் பின் அறைதான் என் பட்டறை. ஒரு மேசை, ஒரு விளக்கு, தூசி இழுக்கிற குழாய். அலமாரி முழுக்க யார் யாருடைய வாயோ பிளாஸ்டரில் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஞானி இந்தப் பட்டறையையும் விட்டுவைக்கவில்லை. முதலாளி என்றால் கையால் வேலை செய்யக்கூடாதாம், கனவு காண வேண்டுமாம். என்னைக் கேட்காமல் விசிட்டிங் கார்டு அடித்துக் கொண்டுவந்தார். என் பெயருக்குக் கீழே 'தயாரிப்புப் பிரிவு' என்று இருந்தது. அவர் பெயருக்குக் கீழே 'நிறுவனர்' என்று இருந்தது. அந்தக் கார்டுகளை இன்றுவரை மெழுகு வழிக்கத்தான் பயன்படுத்துகிறேன்.

என் உலைக்கு வயதாகிவிட்டது. ஒரு மூலையில் சூடு ஏறும், இன்னொரு மூலையில் ஏறாது. பார்த்துப் பார்த்துச் செய்த பல், வெளியே எடுக்கும்போது மயிரிழை விரிசலோடு வரும். சிலது சாம்பல் பூத்து வரும். எனக்கு அதிகமாக வேலை தருகிற பல் டாக்டரம்மா அப்படியொன்றும் பொறுமைசாலி அல்ல. ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்ப வரவழைத்து, இன்னும் பல் வரவில்லை என்று சொல்லத் தன்னால் முடியாது என்று போனில் கத்தினார். இந்த மாதத்துக்குள் புது உலை வாங்கு, இல்லாவிட்டால் வேலையையெல்லாம் ஊருக்கு வெளியே பல் செய்கிற பெரிய கூடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அவர் போனால் மற்ற டாக்டர்களும் பின்னாலேயே போவார்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். வீட்டில் அடுப்பு எரிவதும் இதனால்தான்.

உலைக்குப் பணம் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. எங்கள் இருவர் பெயரிலும் இருந்த வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். உலை விற்பவர் முன்பணம் வாங்கிக்கொண்டு, மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டினால் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த மாதம் முழுக்க ஒரே நினைப்புதான். புது உலை, விரிசல் இல்லாத பல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானி டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவராக டீ போட்டால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். உலைப் பணம் முழுவதையும் எடுத்து, சரக்குக் கிடங்குகள் நடத்துகிற ஒரு கம்பெனியின் பங்கில் போட்டுவிட்டதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமையே போட்டாயிற்றாம். தூங்குகிற பணம் செத்த பணமாம். மாதக் கடைசிக்குள் விற்று, உலையும் வாங்கி, மேலே ஒரு தொகையும் என் கையில் தருவாராம்.

டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப."

உண்மையைத்தான் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமோ கூச்சமோ மருந்துக்குக்கூட இல்லை. எனக்கு அந்த டம்ளரை அவர் மேல் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அதை நான் இன்றுவரை என் பெருந்தன்மையில்தான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நஷ்டம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. பங்கு வாங்கும்போதே, விலை இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் விற்றுவிட்டு வெளியே வந்துவிடுவேன் என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குப் பெயர் ஸ்டாப் லாஸ். சின்னக் காயத்தோடு தப்பிப்பதுதான் கெட்டிக்காரத்தனமாம். எனக்கு இது புதிதல்ல. இதற்கு முன் அவர் போட்ட கோடுகள் எல்லாம் ரப்பர் கோடுகள். விலை பக்கத்தில் வந்ததும், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று கோட்டைக் கீழே இழுத்துவிடுவார். இழுத்து இழுத்துத்தான் கம்பெனி கொடுத்த பணம் தரை தட்டியது. கம்ப்யூட்டரே தானாக விற்கும்படி வைக்கலாமே என்று கேட்டேன். பெரிய பண முதலைகள் அந்தக் கோடுகளை மோப்பம் பிடித்து, வேண்டுமென்றே விலையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஒரு விளக்கம் சொன்னார். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பார்.

"என்னோட பிரச்சனை என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார். "கடைசி நேரத்துல மனசு மாறிடுது. அதனால என் கையை நம்பாம, உணர்ச்சியே இல்லாத ஒருத்தர் கையில கொடுக்கணும்னு படிச்சேன். யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு ஆள் நீதான்."

இதை அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். குரலில் மரியாதை வேறு இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்ததில் என்னைப் பற்றி அவர் கண்டுபிடித்தது இதுதான்.

என் போனில் பங்கு வாங்கி விற்கிற ஆப்பை ஏற்றினார். விலை கோட்டைத் தொட்டால் மணி அடிக்கும். உடனே நான் ஆப்பைத் திறந்து, சிவப்புப் பட்டனை அழுத்தி விற்றுவிட வேண்டும். அவரைக் கேட்கவே கூடாது. "நான் கெஞ்சினாலும் கேட்காதே. அழுதாலும் கேட்காதே. கால்ல விழுந்தாலும் நீ பாட்டுக்கு அழுத்து" என்றார். அந்தக் கோட்டில் விற்றால், கையிலிருந்து கொஞ்சம் சேர்த்துப் போட்டு உலையை வாங்கிவிடலாம். அதற்குக் கீழே போனால் உலை இல்லை. இதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

நான் கேட்டது ஒன்றுதான், திங்கட்கிழமை காலையிலேயே விற்றுப் பணத்தை எடுத்துவிடலாம் என்று. அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டுக்கு முன்னால் அழுத்த மாட்டேன் என்று என்னிடம் வார்த்தை வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன். எரிச்சலில் முன்கூட்டி அழுத்திவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பங்கு ஏறித் தொலைந்தால், கட்டையில் போகிறவரை 'அன்னைக்கு நீ மட்டும்' என்று குத்திக் காட்டிக்கொண்டே இருப்பார். அதற்குப் பயந்துதான் கொடுத்தேன்.

ஆப்பைத் திறக்க என் கட்டை விரல் ரேகையைப் பதிவு செய்தோம். ஒரு ரகசிய எண்ணும் வேண்டும் என்றது. அதை அவரே போட்டுக்கொண்டு, எனக்குச் சொல்லவில்லை. எண் தெரிந்தால் கோபத்தில் நான் வேறு எதையாவது நோண்டிவிடுவேனாம், எனக்கு விரல் போதுமாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. காலையிலிருந்து துணி துவைத்து, எண்ணெய் தடவி, கை மெத்தென்று இருந்தது. போன் என் விரலைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. பல் செய்கிறவளும் அவள் புருஷனும் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. பிளாஸ்டர் கையிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். பீங்கானைப் பிடித்து உரசி உரசி விரல் நுனி மொழுமொழுவென்று தேய்ந்துவிடும். முன்பு பெரிய கூடத்தில் வேலை பார்த்தபோது, வாசலில் விரல் ரேகை பார்க்கிற வருகைப் பதிவு இயந்திரம் எங்களில் பாதிப் பேரை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும். காவலாளி கையால் பெயர் எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவார். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த கோபத்தில் அதெல்லாம் எங்கே ஞாபகம் வந்தது. என் போனையும் நான் எப்போதும் திரையில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்துத்தான் திறப்பேன்.

திங்கட்கிழமை பங்கு கொஞ்சம் ஏறியது. ஞானி வீடு முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தார். செவ்வாய், புதனில் இறங்கியது. விசில் நின்றது. வியாழக்கிழமை மதியம் நான் ஒரு கீழ்த்தாடை அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டரைக் கலக்கிவிட்டால் சில நிமிஷம்தான், அதற்குள் ஊற்றியாக வேண்டும். அப்போது மணி அடித்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து விரலை வைத்தேன். அடையாளம் தெரியவில்லை என்றது. இன்னொரு தடவை நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தேன். தெரியவில்லை. அதற்குள் முன்னறையிலிருந்து ஞானி ஓடிவந்து கதவில் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. வேண்டாம், ஒரே ஒரு நிமிஷம் பொறு, இது சும்மா பயமுறுத்துகிற இறக்கம் என்றார். சொன்ன மாதிரியே கெஞ்சினார். நானும் சொன்ன மாதிரியே கேட்கவில்லை. விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் விரலை ஏற்பதையே நிறுத்திவிட்டு, ரகசிய எண்ணைப் போடு என்றது.

"எண்ணைச் சொல்லுங்க" என்றேன்.

அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. என் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பிறகு சிரித்தார். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை. பரீட்சை தள்ளிப்போன பையன் சிரிக்கிற மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்துவிட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். அதன் பிறகும் அவர் அதை மறைக்க முயலவில்லை.

"நீங்க போட்ட விதிங்க இது. என் உலை போயிடும். எண்ணைச் சொல்லுங்க."

"விதி போட்டவன் நான்தானே. இப்ப என் மனசு சொல்லுது, வேண்டாம்னு. அரை மணி நேரம் பொறு."

நான் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். வெந்நீரில் கையை முக்கினேன், எண்ணெய் தடவினேன், துடைத்தேன். போனோ ரகசிய எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்கத் தயாராக இல்லை. அவர் பாட்டுக்கு முன்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்து விடுகிற பயிற்சியை ஆரம்பித்தார். பதற்றத்தில் முடிவெடுக்கக்கூடாதாம். நான் பட்டறைக்குத் திரும்பியபோது பிளாஸ்டர் கிண்ணத்திலேயே கல்லாக இறுகியிருந்தது. அச்சும் காய்ந்து சுருங்கிவிட்டது. இனி அந்த மனிதரை டாக்டரம்மா மறுபடி வரவழைத்து வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

சந்தை மூடும்போது விலை கோட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் விழுந்தது. உலைக்காரருக்குப் போன் செய்து கொஞ்சம் அவகாசம் கேட்டேன். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் வேறு ஒருவர் முழுப் பணத்தோடு காத்திருப்பதாகவும், மாதக் கடைசி என்றால் மாதக் கடைசிதான் என்றும் சொல்லிவிட்டார்.

அந்தச் சனி ஞாயிறில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட இரண்டு பேர் வேண்டும். நான் கேள்வி கேட்டேன், அவர் பக்கம் புரட்டினார். ஒரு தடவை மட்டும் தலை நிமிர்ந்து, காகிதத்தில் இருக்கிற நஷ்டம் நஷ்டமே இல்லை, விற்றால்தான் நஷ்டம் என்றார். கோட்டில் விற்றுவிட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்த அதே வாய். நான் அந்தப் பங்கு இன்னும் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வேர்வையெல்லாம் அதில்தான் இருந்தது, என் பிழைப்பே அதில்தான் இருந்தது. இருந்தும் அது மண்ணோடு மண்ணாகப் போகட்டும், இந்த மனுஷரின் முகம் தொங்குவதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வேண்டினேன். அவ்வளவு வெறுப்பு எனக்குள் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

என் வேண்டுதல் பலிக்கவில்லை. திங்கட்கிழமை காலை, அந்தக் கிடங்குக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கப் போகிறது என்று செய்தி வந்தது. பங்கு ஏணி வைத்த மாதிரி ஏறியது. கோட்டைத் தாண்டியது, வாங்கின விலையைத் தாண்டியது. மறுநாளும் ஏறியது. ஞானி தன் ரகசிய எண்ணைப் போட்டு விற்றார். அந்தச் செய்திக்கும் அவருடைய புத்திசாலித்தனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மழை பெய்ததற்குத் தவளை கத்தியதுதான் காரணம் என்று தவளை வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பணம் கணக்குக்கு வந்த அன்று சாயங்காலமே என் நாத்தனாரை வரவழைத்தார். அவருக்கு மூத்தவர், தம்பி என்றால் உயிர். கையில் ஒரு பெரிய கேக் பெட்டியோடு வந்தார். உலைக்காரருக்கு மீதிப் பணத்தைக் கட்டியாகிவிட்டது, காலையில் வண்டி வரும் என்று ஞானி அறிவித்தார். பிறகு உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் பயந்து ஓடும்போது தான் மட்டும் எப்படி நின்றார், உள்ளுணர்வு என்பது எத்தனை வருஷப் படிப்பின் சாரம், இப்படிப் போனது அந்தக் கதை. என் விரலும் போனும் அந்தக் கதையில் வரவே இல்லை. நாத்தனார் உச்சி குளிர்ந்து போய், இனிமேலாவது என் தம்பியை நம்பு என்று எனக்கு ஒரு துண்டு கேக்கை ஊட்ட வந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. உலை வந்ததும், அதையும் பட்டறைச் சாமான்களையும் ஈடு காட்டிக் கடன் வாங்கலாம் என்றார். சின்னப் பணத்தைப் போட்டால் சின்ன லாபம்தானே, அடுத்தது பெரிதாகப் போடலாம் என்றார். இனி அந்தக் கோடு, விரல், மணி எதுவும் தேவையில்லை என்றும் சொன்னார். தனக்கு இப்போது கட்டுப்பாடு வந்துவிட்டதாம்.

"விதியை மீறி ஜெயிக்கிறதுதான் இருக்கிறதிலேயே பெரிய ஆபத்துன்னு நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க" என்றேன். உண்மையில் அதை அவர் ஒரு நாள் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தார். நான் மறக்கவில்லை. அத்தனை புத்தகங்களிலும் எனக்கு உருப்படியாகத் தோன்றிய வரி அது ஒன்றுதான்.

"அது ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு" என்றார் ஞானி. நாத்தனார் பெருமையாகத் தலையை ஆட்டினார்.

நான் எழுந்து பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவருடைய கிளினிக்கின் பின்பக்கம் பழைய நாற்காலிகள் போட்டு வைத்த ஓர் அறை இருக்கிறது. அதை எனக்கு வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டேன். ஏன், எதற்கு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அறையில் எத்தனை மின் இணைப்பு வேண்டும் என்று கேட்டார். மாடியில் ஒரு நர்ஸ் தங்கியிருக்கிறாள், அவளோடு கொஞ்ச நாள் தங்கிக்கொள்ளலாம் என்றார். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தில் இல்லை. அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் பதறிக்கொண்டு கையைத் தேய்த்தபோது, என் பிழைப்பு என் விரலிலிருந்து நழுவியபோது, அதைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்த மனுஷர் அவர். நல்லபடியாக முடிந்துவிட்டதால் அதை நடக்காத மாதிரி ஆக்கிவிட முடியுமா?

காலையில் வண்டி வந்தது. பெரிய மரப்பெட்டி. ஞானி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்கள் பெட்டியைக் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். நான் வெளியே வந்து, இறக்காதீர்கள் என்றேன். தூரிகைகள், மெழுகுக் கத்திகள், உரசும் கருவி எல்லாம் வைத்திருந்த இரண்டு அட்டைப் பெட்டிகளையும் என் துணிப் பையையும் பின்னால் ஏற்றச் சொன்னேன். ஓட்டுநரிடம் கிளினிக்கின் விலாசத்தைக் கொடுத்தேன். உலை ரசீது என் பெயரில் இருந்தது, அதனால் அவர் யாரையும் கேட்கவில்லை.

ஞானிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ விலாசக் குழப்பம் என்று நினைத்து ஓட்டுநரைத் திட்டினார். நான் வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும்தான் அவருக்கு விளங்கியது. இரவு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்தார். தோற்றுப் போய் வந்து நின்றால் ஒருத்தி கோபித்துக்கொண்டு போவாள், நியாயம், ஜெயித்துவிட்டு வந்தவனை விட்டுவிட்டு எவளாவது போவாளா, ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஊர் சிரிக்கும்.

ஞானி வண்டிக் கண்ணாடிப் பக்கம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப எதுக்கு இது? நாமதான் ஜெயிச்சிட்டோமே" என்றார்.

"அதுக்குத்தாங்க போறேன்" என்றேன். "நீங்க தோத்திருந்தா உட்கார்ந்து அழுதிருப்பீங்க. பாவம்னு நானும் கூடவே இருந்திருப்பேன். ஒருவேளை நீங்க திருந்தியும் இருப்பீங்க. இப்ப ஜெயிச்சிட்டீங்க. இனிமே உங்களை யாராலயும் நிறுத்த முடியாது. அடுத்த தடவை என்னையும் சேர்த்துத்தான் பணயம் வைப்பீங்க."

அவர் வாயைத் திறந்தார். எந்தப் புத்தகத்திலிருந்து எந்த வரியை எடுப்பது என்று தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கணம் அவர் முகத்தில் புத்தகமே இல்லாத, பழைய, கருவி விற்க வந்த மனுஷரின் முகம் தெரிந்த மாதிரி இருந்தது. இறங்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கை மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் பேசிக்கலாம்" என்றார். "சந்தை திறக்கப் போகுது."

வேகமாக வீட்டுக்குள் போனார். ஓட்டுநர் என்னைப் பார்த்தார். வண்டியை எடுக்கச் சொன்னேன்.